ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் ஜார்ஜ்டவுன் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு, வணக்கம்.

வரும் ஜூலை மாதம் மூன்றாவது சனிக்கிழமை நம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப் போகிறோம். பாலத்தில் அல்ல. பட்டர்வொர்த் படகுத்துறையிலிருந்து பெர்ரியில்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "நம்ம வாசலில் இருக்கிற ஊருக்கு எதுக்கு டீச்சர் சுற்றுலா? பிள்ளைகளைக் கேமரன் மலைக்குக் கூட்டிட்டுப் போகலாமே" என்றார். நியாயமான கேள்விதான். நேரம் இல்லாததால் அன்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். அது எனக்கே நிறைவாக இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம் வழக்கத்தைவிட நீளமாக இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், "பினாங்குப் பாலத்தில் போனவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. "பெர்ரியில் போனவர்கள்?" ஒன்பதே கைகள். அந்த ஒன்பது பேரிடம் கடலில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் கப்பல் என்றார்கள். ஒரு பெண் குழந்தை, "அம்மா போன்ல படம் பார்த்தேன் டீச்சர்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. பார் என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

பாலம் திறந்தது 1985இல். அதற்கு முன் தீவுக்குப் போக வேண்டுமென்றால் எல்லோருக்கும் தண்ணீர்தான் வழி. நம் குடும்பங்களில் பலருடைய தாத்தா பாட்டி இந்த நாட்டை முதன்முதலில் பார்த்ததும் அந்தத் துறைமுகத்தில்தான். என் பாட்டி ஒன்பது வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறியவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நம் ஆட்களைச் சுமந்தது. கடைசி நாள் காலையில் பினாங்கு மலை முதலில் நீலமாகவும் பிறகு பச்சையாகவும் தெரிந்தது என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் இரண்டு சேலை. அங்கிருந்து மறுபடி ஒரு படகில் ஏறி இக்கரைக்கு வந்து, தோட்டத்துக்குப் போனார். பெர்ரி கடக்கும் அந்த 15 நிமிடத் தண்ணீர் நமக்கு வெறும் போக்குவரத்து வழி அல்ல. பிள்ளைகள் அந்த ஊரை ஒருமுறையாவது கடலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைய வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏற்பாடு.

சரி, ஏற்பாடுகளைச் சொல்கிறேன். காலை 7 மணிக்குப் பள்ளி வளாகத்தில் கூட வேண்டும். பிள்ளைகளைப் பசியாற வைத்து அனுப்புங்கள். வெறும் வயிற்றில் யாரும் படகு ஏறக்கூடாது. பேருந்தில் படகுத்துறைக்குப் போகிறோம். 2023 ஆகஸ்ட் முதல் ஓடும் புதிய பெர்ரிகளில் ஒன்றில் ஏறுவோம். நான்கு இருக்கின்றன: தெலுக் பகாங், தெலுக் டூயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார். தெலுக் என்றால் விரிகுடா என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நாம் ஏறப் போவது எந்தத் தெலுக் என்று இப்போதே வகுப்பில் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களோடு வருபவர் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. நல்ல தமிழ் பேசுவார். அவருடைய அப்பா துறைமுகத்தில் தொங்காங் ஓட்டியவர். பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்த அந்தப் படகுகளிலும் துறையில் மூட்டை தூக்கும் வேலையிலும் தமிழர்கள் நிறைய பேர் இருந்தார்கள். புத்தகத்தில் படித்துச் சொல்பவரைவிட வீட்டில் கேட்டுச் சொல்பவர் வேண்டும் என்று தேடி இவரைக் கண்டுபிடித்தோம்.

தீவில் இறங்கியதும் முதலில் சியூ ஜெட்டி. கடலுக்குள் மரக்கால் நட்டு அதன்மேல் சீனக் குடும்பங்கள் கட்டிய வீடுகள். பெரும்பாலான ஜெட்டிகளில் ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் சேர்ந்து குடியிருந்தார்கள். இன்றும் அங்கே ஆட்கள் வசிக்கிறார்கள். எனவே சத்தம் போடக்கூடாது, வாசலில் எட்டிப் பார்க்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் நீங்களும் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.

அங்கிருந்து லெபோ பந்தாய். பெயரிலே கடற்கரை இருக்கிறது, ஆனால் கடலைக் காணோம். ஏன் என்று வழிகாட்டி பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்வார். (ஒரு காலத்தில் கரை அங்கேதான் இருந்தது. பிறகு கடலைத் தூர்த்து நிலமாக்கி, வெல்ட் கீ சாலையையும் கிடங்குகளையும் அமைத்தார்கள். தயவுசெய்து விடையை வீட்டிலேயே சொல்லிவிடாதீர்கள்.) பக்கத்தில் உயரமான மணிக்கூண்டோடு சுங்கத்துறைக் கட்டடம் நிற்கிறது. 1907இல் அது ரயில்வேக்காகக் கட்டப்பட்டது. தண்டவாளம் ஒன்றுகூட இல்லாத ரயில் நிலையம்! அங்கே பயணச்சீட்டு வாங்கி, படகில் ஏறி இக்கரைக்கு வந்து, இங்கேதான் ரயில் ஏறுவார்கள். நம் பிறை, பட்டர்வொர்த் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தீவு நகரம் பிழைத்ததே நம் கரையோடு சேர்ந்துதான்.

விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காகச் செல்வந்தர் சியா சென் இயோக் கட்டிக் கொடுத்த மணிக்கூண்டு 60 அடி உயரம், ஆண்டுக்கு ஓர் அடி. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் அதிர்வில் அது லேசாகச் சாய்ந்திருக்கிறது. கணித ஆசிரியர் அங்கே ஒரு சின்னப் பயிற்சி வைத்திருக்கிறார்.

அப்புறம் கார்ன்வாலிஸ் கோட்டை. பிரான்சிஸ் லைட் 1786 ஜூலையில் கெடா சுல்தானின் தீவாக இருந்த இடத்தில் வந்து இறங்கி, நிபோங் பனைமரங்களை நட்டு வேலி போட்ட இடம் அது. காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியதால் பீரங்கியில் வெள்ளிக்காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசு தேடிப் போனவர்கள் காட்டை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சொல்லட்டும். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1804 தொடங்கி அந்தக் கோட்டையைச் செங்கல்லும் கல்லுமாக எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1818இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் அவர்கள் கை இருக்கிறது. லைட்டுக்குச் சிலை இருக்கிறது. அந்தக் கைதிகளுடைய பெயரைச் சொல்ல ஆள் இல்லை. நம் பிள்ளைகள் அந்தச் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

கோட்டையின் கடல் பக்கம் நின்று எம்டன் கதையையும் கேட்கப் போகிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டு வீசிய அதே ஜெர்மன் கப்பல், அக்டோபர் 28 விடியற்காலையில் போலியாக ஒரு புகைபோக்கியை மாட்டிக்கொண்டு பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, நின்றிருந்த ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. கெட்டிக்காரப் பிள்ளையைப் பாட்டிமார் "சரியான எம்டன்" என்று திட்டுவார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நம் மாணவர்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தெரிந்துகொள்வார்கள். வகுப்பறையில் இதை நான் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். அங்கே நின்று கேட்பது வேறு.

பிற்பகுதி முழுக்க வழிபாட்டிடங்கள். குவீன் தெருவில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில், கூப்பிடு தூரத்தில் சீனர்களின் கருணைத் தேவி கோவில், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன், தென்னிந்திய முஸ்லிம்களுக்குத் தலைவராக இருந்தவர். சூலியா தெரு மூலையில் ஒரு சிறிய நாகூர் தர்கா இருக்கிறது. பலர் கவனிக்காமலே கடந்துபோவார்கள். கடலோடிகளைக் காப்பவர் என்று நாகூர் ஆண்டவரை நம்பி, எந்த மதம் என்று பாராமல் வேண்டிக்கொண்டு கப்பல் ஏறிய மக்கள், கரை இறங்கிய இடத்திலும் அவருக்கு ஒரு நினைவிடம் கட்டினார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அங்கே அவசரப்பட மாட்டோம்.

மதியச் சாப்பாடு லிட்டில் இந்தியாவில் வாழை இலையில், எல்லோருக்கும் சைவம். நாசி கண்டார் கேட்டு ஒரு கூட்டம் என் அறைக்கே வந்தது. இந்த முறை இல்லை. ஆனால் தோளில் கண்டார் கம்பு வைத்து இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து அந்தச் சாப்பாடு வந்தது என்பதை வழிகாட்டி சொல்லுவார்.

இனி, பயம் பற்றி. சென்ற வாரம் ஒரு பாட்டி நேரில் வந்தார். "டீச்சர், பேரனை அந்த ஜெட்டிக்கு அனுப்ப மனசு வரல" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. 1988 ஜூலை 31 மாலையை நம்மில் மூத்தவர்கள் யாரும் மறக்கவில்லை. இரண்டு திருவிழாக்களின் கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து, பட்டர்வொர்த் படகுத்துறையின் மேல்தளம் பாரம் தாங்காமல் இடிந்து 32 பேர் இறந்தார்கள். அந்தப் பாட்டி அன்று அங்கே இருந்திருக்கிறார். அவரிடம் நான் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். விழா நாளும் விடுமுறைக் கூட்டமும் இல்லாத சனிக்கிழமை காலையைப் பார்த்துத்தான் நாள் குறித்தோம். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கூடவே இருப்பார். படகுத்துறையில் நெரிசல் தெரிந்தால் ஏற மாட்டோம், அடுத்த படகுக்குக் காத்திருப்போம். ஏறியதும் உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் காட்டிய பிறகுதான் உட்கார வைப்போம். பலத்த மழையோ காற்றோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்போம். முன்வரிசையில் நான் நடப்பேன், கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் துணைத் தலைமையாசிரியர் வருவார். பாட்டி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவரை நான் வற்புறுத்தவும் இல்லை. உங்களில் யாருக்காவது அப்படி மனக்கலக்கம் இருந்தால், ஒரு தாளில் மறுப்பு எழுதி அனுப்பாமல் என்னை வந்து பாருங்கள்.

கட்டணம் 35 ரிங்கிட். பேருந்து, பெர்ரி, கோட்டை நுழைவு, வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயணத்தில், பணம் கட்டாத நான்கு பிள்ளைகளை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அவர்கள் கரும்பலகையில் ஒரு பேருந்து வரைந்து வைத்திருந்தார்கள். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. இனி அப்படி நடக்க விடமாட்டேன். கட்ட முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம் கேட்க மாட்டோம், பிள்ளைக்கும் தெரியாது. மற்றவர்களில் முடிந்தவர்கள் இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துக் கட்டினால் மகிழ்வேன்.

பள்ளி விளையாட்டுச் சட்டை, நீளக் காற்சட்டை. மாணவிகள் தலையை மூட ஒரு துணி கொண்டு வரட்டும். காலணியைப் பல இடங்களில் கழற்ற வேண்டியிருக்கும், அதனால் சுலபமாகப் போட்டுக் கழற்றக் கூடியதாக இருக்கட்டும். தொப்பி, தண்ணீர், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) நகல், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு மருந்து. கைச்செலவு 10 ரிங்கிட்டுக்கு மேல் வேண்டாம். கைப்பேசி வேண்டவே வேண்டாம். அவசரத்துக்கு ஆசிரியர்களின் எண்கள் அனுமதிக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கின்றன. மாலை 4 மணிக்குப் பள்ளி வாசலில் வந்து அழைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். பயணத்துக்கு முன் ஒரு மாலை நேரம் பிள்ளையோடு உட்காருங்கள். உங்கள் குடும்பத்தில் முதலில் கடல் தாண்டி வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், இறங்கி எந்தத் தோட்டத்துக்கு அல்லது எந்த வேலைக்குப் போனார் என்று தெரிந்தவரை சொல்லுங்கள். பிள்ளை அதைத் தன் சொந்த வார்த்தையில் அரைப் பக்கம் எழுதிக் கொண்டு வரட்டும். திரும்பி வரும் பெர்ரியில் விருப்பமுள்ளவர்கள் அதை வாசிப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தாலும் சரி, யாழ்ப்பாணத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ வந்திருந்தாலும் சரி. ஒன்றுமே தெரியாது என்றால் உங்கள் அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அப்படியும் தெரியவில்லையா, "எங்களுக்குத் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதி அனுப்புங்கள். அதையும் வாசிப்போம்.

அனுமதிக் கடிதத்தை இந்த மாதக் கடைசி வெள்ளிக்குள் கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: சில வீடுகளில் பழைய கப்பல் சீட்டு, கடப்பிதழ், தாத்தாவின் தோட்டத்து அடையாள அட்டை இருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவற்றின் அசலைக் கொடுத்தனுப்ப வேண்டாம். கடல் காற்றில் ஈரமாகிவிடும். அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், நாங்களே இலவசமாக நகல் எடுத்துத் தருகிறோம்.