கோலியஸ் இலையும் நீங்களும்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பணி நிறைவு விழாவுக்கு நான் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். மேடையேறி நல்லதை மட்டும் பேசிவிட்டு இறங்க எனக்கு வராது, அது உங்களுக்கும் தெரியும், அதனால் மன்னிப்பு கேட்க வேண்டிய அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்றும் தோன்றுகிறது. போன வாரம் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, இலை ஸ்டார்ச் செய்யப் பச்சையம் வேண்டும் என்று காட்டும் பச்சையம் சோதனையைச் செய்து காட்டினேன். அதிலிருந்து உங்கள் ஞாபகமாகவே இருக்கிறது.

பள்ளியில் இருட்டறை இல்லையென்று பல நிற இலைகள் கொண்ட கோலியஸ் செடியைத் தொட்டியோடு உங்கள் வீட்டு அலமாரிக்குள் இரண்டு நாள் பூட்டி வைத்து, துணி போர்த்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். "உள்ளே இருக்கிற ஸ்டார்ச்சைத் தின்று தீர்த்திருக்கும், இனி வெயிலில் என்ன சமைக்கிறது பார்ப்போம்" என்றீர்கள். இப்படி மெனக்கெட்ட இன்னொரு ஆசிரியரை நான் பார்த்ததில்லை, ஆசிரியையான பிறகும்கூட.

மத்தியானம் இலையைப் பறித்து என்னிடம்தான் கொடுத்தீர்கள். பட்டர் பேப்பரை மேலே வைத்து வரைந்தேன்: ஓரத்தில் பச்சை, உள்ளே வெளிர் மஞ்சள் பட்டை, நடுவில் கத்தரிப்பூ நிறம், அதற்குள் கொஞ்சம் ரோஸ். பச்சையை மட்டும் பென்சிலால் தீட்டச் சொன்னீர்கள். கொதிநீரில் போட்டதும் தண்ணீர் சிவந்து, கத்தரிப்பூ நிறம் கரைந்துபோன இடத்தில் பச்சை தெரிந்தது. அப்புறம் ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டு (ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், ஆவி தீப்பிடிக்கும் என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னீர்கள், இன்றைக்கு நானும் அப்படியே சொல்கிறேன்) சோதனைக்குழாயை அந்தச் சுடுதண்ணீரில் நிறுத்தினீர்கள். ஆல்கஹால் பச்சையாக, இலை வெளுத்து அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வந்தது. வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, வெள்ளை ஓட்டின் மேல் விரித்து, ஸ்டார்ச் இருக்கிற இடத்தைக் கறுக்க வைக்கும் அயோடின். ஓரம் கறுத்தது. வெளிர் பட்டை அயோடினின் பழுப்போடு நின்றுவிட்டது. நடுவிலும் கறுத்தது, டீச்சர். நான் தீட்டாமல் விட்ட இடம்.

ரெக்கார்டு நோட்டில் அதைத்தான் எழுதினேன். நீங்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, "பச்சைப் பகுதி மட்டும் கருநீலமாக மாறியது, அவ்வளவுதான், பரீட்சைக்கு அது போதும்" என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு ஸ்டாஃப் ரூமில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை, நம் செட் ஆட்கள் பலர் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு நீங்கள் வேறு மாதிரியான டீச்சர், அப்படியே இருங்கள்.

ஐம்பது பிள்ளைகள், ஒரே விளக்கு, தலைக்கு மேல் பொதுத்தேர்வு. இன்று நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன், புரியாமல் இல்லை. ஆனால் விளக்கம் இரண்டு வரிதானே! கத்தரிப்பூ நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமி, அது நீரில் கரையும். அடியில் ஒளிந்திருக்கும் பச்சையம் நீரில் கரையாது, அதைக் கழற்றத்தான் ஆல்கஹால். ரோஸ் இருந்த இடத்தில் ஆந்தோசயனின் மட்டும்தான், அதனால் அங்கே கறுக்கவில்லை. பச்சையாகத் தெரியாத இடத்திலும் பச்சையம் இருந்தால் ஸ்டார்ச் இருக்கும் என்று அந்த ஒரே இலை காட்டிவிட்டது, சோதனையின் தலைப்பே அதுதானே, நீங்கள் கிழித்த பக்கம்தான் அதற்குச் சரியான விடை. 1860-களில் ஜெர்மனியில் சாக்ஸ் என்ற தாவரவியலாளர் இலையில் பாதியை மூடிவைத்து, வெயில் பட்ட பாதி மட்டும் அயோடினில் கறுத்ததைக் காட்டினார் என்று எங்களுக்குக் கதையாகச் சொன்னவர் நீங்கள். அவர் கண்ணால் பார்த்ததை எழுதலாம், நான் எழுதக் கூடாதா?

கோபமாக எழுதிவிட்டேன். அந்த வயதில் அந்த ஒரு மத்தியானம் இல்லையென்றால் நான் பாட்டனி பக்கமே போயிருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் வகுப்பில் நாலு நிறத்தையும் தீட்டச் சொன்னேன். ஒரு பையன், "மிஸ், நடுவிலேயும் கறுக்குது" என்று கத்தினான். மற்ற பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு நடுவில் ஏன் கறுத்தது என்று உங்களுக்குத் தெரிந்தே பக்கத்தைக் கிழித்தீர்களா, இல்லை தெரியாததால் கிழித்தீர்களா? எதுவானாலும் போன் செய்யுங்கள். ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.