பிரான்ஸ் கிராமத்து ஓட்டல்களைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் பிரான்ஸ் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையை நானும் என் மனைவியும் சேர்ந்து படித்தோம். பாரிசில் மூன்று நாள், பிறகு ரயிலேறி சுவிட்சர்லாந்து என்று திட்டம் போட்டுக் கொடுத்திருந்தார் கட்டுரையாளர். முதல் தடவை வருகிறவர்களுக்கு அது சரி. ஆனால் பாரிசைத் தாண்டிய சின்ன ஊர்களில் சாப்பாடும் பாஷையும் ஒத்துவராது, அங்குள்ள ஓட்டல்களைத் தவிர்ப்பது நல்லது என்று கடைசியில் எழுதியிருந்தார். என் மனைவி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இதற்கு நீங்கள் பதில் எழுதியே ஆகவேண்டும்" என்றாள். எழுதுகிறேன்.

நான் பாரிசுக்கு வடக்கே சார்செலில் குடியிருக்கிறேன். 22 வருடம் இந்த நாட்டில் லாரி ஓட்டினேன். லியோனில் சரக்கு ஏற்றி லு புய், மாந்த் வழியாக ரோதேஸ் போகும் என்88 சாலையில் எத்தனை முறை போய் வந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மதியச் சாப்பாடு 'ரெலே ரூத்தியே'யில். சிவப்பும் நீலமுமாக வட்டப் பலகை மாட்டிய, லாரிக்காரர்களுக்கான சாப்பாட்டுக் கடைகள் அவை, 1934லிருந்து இருக்கின்றன. இரவில் வண்டியிலேயே படுத்துக்கொள்வேன். சாயங்காலம் ஏதாவது ஒரு கிராமத்தை மெதுவாகக் கடக்கும்போது ஓட்டல் ஜன்னல் வழியாக உள்ளே தெரியும். வெள்ளைத் துணி விரித்த மேசைகள், யாரோ ஒருவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். வேலையை விட்ட பிறகு இவளைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கெல்லாம் தங்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். 2017ல் ஓய்வு பெற்றேன். அதிலிருந்து ஊரடங்கு வருடம் தவிர ஒவ்வொரு செப்டம்பரும் போகிறோம்.

நம் பேச்சில் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. பிரெஞ்சில் அது தங்குமிடம். கிராமத்தில் இரண்டும் ஒரே கட்டடம்தான். கீழே ஒரு பாரும் சாப்பாட்டுக் கூடமும், மேலே பத்துப் பன்னிரண்டு அறைகள். கணவன் சமைத்தால் மனைவி கல்லாவில் இருப்பார், அல்லது மாறி. 'ஓத்தேல் த லா கார்' என்றால் ரயிலடி ஓட்டல். ரயில் நின்று பல காலமான ஊரிலும் அந்தப் பெயர் அப்படியே இருக்கும். 'லியோன் தோர்', தங்கச் சிங்கம், என்ற பெயரை ஊருக்கு ஊர் பார்க்கலாம். அதை வேகமாகச் சொன்னால் 'கட்டிலில் உறங்குகிறோம்' என்று காதில் விழும். ஆனால் 'ஓத்தேல் த வீல்' என்று எழுதியிருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது நகராட்சி அலுவலகம். 'ஓத்தேல் தியே' என்பது பழைய ஆஸ்பத்திரி.

எதை நம்பிப் போவது என்று கேட்பவர்களுக்கு: 1949ல் தொடங்கிய 'லோஜி' என்ற கூட்டமைப்பில் இப்படிப்பட்ட குடும்ப ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன. கணப்பு அடுப்புப் படம்தான் அவர்கள் அடையாளம், தரத்தையும் அந்தப் படத்தின் எண்ணிக்கையால்தான் சொல்கிறார்கள். அரசு தரும் நட்சத்திரம் வேறு. அது அறையின் அளவு, வசதி, சேவை இவற்றுக்கான மதிப்பெண். அடுப்படியில் யார் இருக்கிறார் என்பதை நட்சத்திரம் சொல்லாது. நாங்கள் எப்போதும் இரண்டு நட்சத்திரத்தில்தான் தங்குகிறோம்.

ஒரு இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். லோசேர் மாவட்டத்தில் ஒப்ராக் என்று ஒரு மேட்டு நிலம். 1,000 மீட்டருக்கு மேல், மரமில்லாத புல்வெளி, கருங்கல் வேலிகள். மொத்த மாவட்டத்திலும் 80,000 பேர் கிடையாது. அந்த ஊர் மாடுகள் பழுப்பு நிறம், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு. என் மனைவி முதலில் பார்த்தபோது காரை நிறுத்தச் சொல்லி வேலியருகே போய் நின்றுவிட்டாள்.

அங்கே ஒரு கிராமத்து ஓட்டலில் ஏழாம் எண் அறை. சாவியோடு ஒரு பித்தளைக் குண்டு தொங்கும், பைக்குள் போட முடியாது, வெளியே போகும்போது கல்லாவில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். கட்டிலின் அகலம் முழுக்க உருளையாக ஒரே நீளத் தலையணை. கழுத்துக்கு ஒத்துவராவிட்டால் அலமாரியைத் திறங்கள், சாதாரணத் தலையணை மேல்தட்டில் இருக்கும். ஏசி கிடையாது. வெயில் நேரத்தில் மரக்கதவு ஜன்னலைச் சாத்தி வைத்து, சாயங்காலம் திறக்கவேண்டும். எதிரே மாதா கோவில் மணி. ஏழு அடித்து, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஏழு அடிக்கும். வயலில் இருப்பவர் முதல் தடவை எண்ணத் தவறினால் இரண்டாம் தடவை எண்ணிக்கொள்வதற்காக என்று ஓட்டல் அம்மா சொன்னார். மணிச் சத்தம், சேவல் கூவல், மாட்டுச் சாண வாசனை எல்லாவற்றையும் கிராமத்தின் மரபுச் சொத்து என்று காக்க 2021 ஜனவரியில் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பு ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவலின் மேல் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு, 2019ல் சேவலின் சொந்தக்காரப் பெண்மணிதான் ஜெயித்தார்.

எனக்கு மனதில் பதிந்தது சாப்பாட்டு மேசைதான். முதல் நாள் இரவு துணி நாப்கின் கொடுத்தார்கள். எழுந்து வரும்போது அதை மடித்து, 7 என்று எண் எழுதிய துணி உறைக்குள் போட்டு வைத்தார் அந்த அம்மா. மறுநாள் இரவு அதே மேசை, அதே உறை. பாதி குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் பாட்டிலின் லேபிளிலும் பேனாவால் 7. யாரும் தூக்கி எறியவில்லை, புதிதாக விற்கவும் இல்லை. உள்ளே நுழைகிறவர்கள் ஒவ்வொருவரும் கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக 'போன்சுவார்', அதாவது மாலை வணக்கம், சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நாங்களும் சொன்னோம். மூன்றாம் நாள் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, நாங்கள் எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்தார்.

சரி, சைவச் சாப்பாட்டு விஷயம். கட்டுரையாளர் சொன்ன சிரமம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. என் மனைவி மாமிசம், மீன், முட்டை எதுவும் தொடமாட்டாள். முதல் வருடம் லு புய் பக்கம் ஒரு ஓட்டலில் பச்சைப் பயறு மாதிரிச் சின்னதாக இருக்கும் அந்த ஊர் லென்டில் கேட்டோம். எரிமலை மண்ணில் விளைவது, அங்கே விளைந்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1996லேயே பெயர்க் காப்பு வாங்கியது. தட்டு வந்தது, உள்ளே பன்றிக் கொழுப்புத் துண்டுகள். சைவம் என்று முன்பே சொல்லியிருந்தோம். அங்கே பழைய சமையல்காரர்களுக்கு இறைச்சித் துண்டம் தட்டில் தனியாக இல்லாவிட்டால் அது சைவம்தான். அவள் ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் தின்றுவிட்டு எழுந்தாள். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதிலிருந்து நாங்கள் செய்வது இது. இரண்டு நாள் முன்பே போன் போட்டு, 'சைவம்' என்ற ஒற்றைச் சொல்லோடு விடாமல், இறைச்சி வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், எலும்புச் சாறு ஊற்றிய சூப்பும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவோம். முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் செய்கிறார்கள். ஒப்ராக் ஓட்டலில் சமைக்கும் ஐயா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பூண்டு சாப்பிடுவீர்களா என்று கேட்டார். அப்புறம் 'அலிகோ' செய்து கொண்டுவந்தார். மசித்த உருளைக்கிழங்கில் புதிய பாலாடைக்கட்டியும் பூண்டும் சேர்த்துக் கிண்டுவது. மரக் கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கினாலும் அறுபடாமல் கயிறு போல வரும். கண்டிப்பான சைவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: அந்தப் பாலாடைக்கட்டியைத் திரிய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியைத்தான் வழக்கமாகச் சேர்க்கிறார்கள். என் மனைவி அதை அறிந்தே சாப்பிடுகிறாள். சாப்பாட்டுப் பட்டியலில் சட்டி மேல் கூரை வைத்த சின்னப் படம் இருந்தால் அந்தப் பதார்த்தம் அங்கேயே சமைத்தது. 2014லிருந்து இது சட்டப்படியான அடையாளம்.

நேரம்தான் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம். மதியம் 12 முதல் ஒன்றரை வரை, இரவு ஏழரை முதல் எட்டரை ஒன்பது வரை. அதற்குப் பிறகு அடுப்பு அணைந்துவிடும். ஞாயிறு இரவும் திங்களும் பல இடங்களில் சமையலே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சகலையும் அவர் மனைவியும் எங்களோடு வந்திருந்தார்கள். நாங்கள் ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு பூட்டியிருந்தது. திறப்பதற்கான எண்ணை ஓட்டல்காரர் காலையிலேயே அனுப்பியிருக்கிறார், நான் பார்க்கவில்லை. அரை மணி நேரம் குளிரில் நின்று, உள்ளே போனால் சாப்பாடு இல்லை. காரில் மிச்சமிருந்த எலுமிச்சைச் சாதத்தை நாலு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். தாமதமானால் வழியிலேயே போன் செய்துவிடுங்கள். கிராமச் சாலையில் வேக வரம்பு பொதுவாக 80 கிலோமீட்டர், ஊருக்குள் 50, அதனால் வரைபடத்தில் தெரிவதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

மறுநாள் காலை சகலை பயந்துவிட்டார், போலீஸ் படிவம் என்று ஏதோ நிரப்பச் சொல்கிறார்களே என்று. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எல்லோரும் எந்த ஓட்டலிலும் நிரப்பவேண்டியது அது. ஆறு மாதம் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நிறத்தைப் பற்றியும் நம் ஆட்கள் என்னிடம் தனியாகக் கேட்கிறார்கள். ஒரே ஒரு ஊரில், அறை காலி என்று வாசலில் பலகை தொங்கும்போதே, அறை இல்லை என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். அந்த வலி இன்னும் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் 'போன்ஜூர்' சொல்லி நுழைந்தோம், 'போன்ஜூர்' சொல்லி வரவேற்றார்கள்.

காசு. சென்ற செப்டம்பரில் இருவருக்கும் சேர்த்து அறை 74 யூரோ. வாடகை தலைக்கு இல்லை, அறைக்கு. காலை உணவு பெரும்பாலும் தனி. எங்களுக்கு ஆளுக்கு 10 யூரோ. தங்குகிறவர்களிடம் வாங்கும் ஊர் வரி ஆளுக்கு ஒரு யூரோகூட வரவில்லை, 18 வயதுக்குக் கீழ் அதுவும் இல்லை. அறை, இரவுச் சாப்பாடு, காலை உணவு மூன்றும் சேர்ந்ததற்கு 'தெமி பான்சியோன்' என்று பெயர். சில நாள் தங்கினால் அதைக் கேளுங்கள், மலிவாக வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. குழாய்த் தண்ணீர் இலவசம். 'கராஃப் தோ' என்று கேட்டால் கூஜாவில் வைப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். இணையத்தில் ஓட்டலைத் தேடுங்கள், ஆனால் அறையை நேராக அந்த ஓட்டலுக்கே போன் செய்து பிடியுங்கள். இடைத்தரகர் தளங்கள் 15 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. தளத்தில் போட்ட விலையைவிடக் குறைத்துத் தரக்கூடாது என்ற ஒப்பந்தத்தை 2015 சட்டம் செல்லாது என்றாக்கிவிட்டது, அதனால் நேரில் கேட்டால் குறைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. பிரெஞ்சு வராதவர்கள் எளிய ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசலாம், அல்லது இங்குள்ள உறவினர் யாரையாவது பேசச் சொல்லலாம்.

இவ்வளவு அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் லாரி ஓட்டிய காலத்தில் ஆகஸ்டு மாதம் மியோ ஊரைக் கடக்க மணிக்கணக்காகும். 2004 டிசம்பரில் ஊருக்குள் போகாமலே பள்ளத்தாக்கைத் தாண்டும் பெரிய பாலம் ஏ75 விரைவுச்சாலையில் திறந்தது. ஓட்டுநர்களாகிய எங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ஏ75 வந்த பிறகு பழைய என்9 சாலை வழியாக யாரும் ஊருக்குள் வருவதில்லை. அந்தச் சாலையோரம் நான் பார்த்த ஜன்னல்களில் பலவற்றில் இன்று மரக்கதவு மூடியபடியே இருக்கிறது, பெயர் எழுத்து மட்டும் சுவரில் மங்கித் தெரிகிறது. எங்கள் ஒப்ராக் ஓட்டல்காரருக்கு 67 வயது. மகள் துலூசில் வேலை பார்க்கிறாள், எடுத்து நடத்த ஆளில்லை. விற்பனைக்குப் போட்டு இரண்டு வருடமாகிறது.

ஒவ்வொரு மே மாதமும் 25ஆம் தேதியை ஒட்டி அங்கே மாடுகளுக்குப் பூவும் கொடியும் கட்டி, கழுத்து மணியோடு மலை மேய்ச்சலுக்கு ஏற்றிவிடுவார்கள். வருகிற மே மாதம் நாங்கள் அதற்காகப் போகிறோம், ஏழாம் எண் அறைக்குப் போன வாரமே சொல்லி வைத்தாயிற்று. அன்று இன்னும் நாலு அறைகள் காலி என்றார் அந்த அம்மா. அந்த நாட்களில் பிரான்ஸ் வருகிற வாசகர்கள் யாராவது போக விரும்பினால் உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு எழுதட்டும். ஓட்டலின் தொலைபேசி எண் தருகிறேன், சைவச் சாப்பாட்டுக்கும் நானே பேசி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்,
சார்செல், பிரான்ஸ்