படபடப்பு வயசுக் கோளாறு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், "எழுபதைத் தாண்டியவர்களுக்குப் படபடப்பும் உடல் மெலிவும் வருவது இயல்பு, பயப்பட வேண்டாம்" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இதே ஆறுதலை எட்டு மாதம் கேட்டு நம்பியவர்கள் நாங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு நடந்தது. அம்மாவுக்கு அப்போது 74 வயது. கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறி இறங்கும் அளவுக்கு இளைத்துப்போனாள். மணிக்கட்டைத் தொட்டால் நாடி இரண்டு துடித்து நிற்கும், அப்புறம் நாலைந்து சேர்ந்து ஓடும். இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். "வயசாகுதில்லம்மா" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. பேச்சும் குழறியது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்க, அங்கே தேங்கிய ரத்தம் உறைந்து மூளைக்குப் போயிருக்கிறது. ஏன் வந்தது என்று யோசித்தவர் ஒரு இளம் டாக்டர் மட்டும்தான். அவர் சொல்லி எடுத்த பரிசோதனையில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் வெறும் 0.01. தைராய்டு மிதமிஞ்சிச் சுரந்ததால் அது அடங்கிக் கிடந்திருக்கிறது.

இளவயதில் இது வந்தால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பசிக்கும். முதியவர்களில் பலருக்கு அதெல்லாம் வெளியே தெரியாது. சோர்வு, மெலிவு, தாறுமாறான நாடி, அவ்வளவுதான். 60 வயது கடந்தவர்களில் டிஎஸ்எச் மிகவும் குறைந்தவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் இந்த இதயக் கோளாறு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1994-லேயே சொல்லிவிட்டது. தங்களுக்குத் தெரியாததல்ல.

போன வருஷம் தைராய்டு சிறப்பிதழ் போட்டீர்கள். பக்கத்துக்குப் பக்கம் இளம்பெண்களின் உடல் பருமன், முடி உதிர்வு. டிஎஸ்எச் குறைந்தால் பெரும்பாலும் தைராய்டு கூடியிருக்கிறது என்று பொருள் என்பதைக்கூட ஓரிடத்திலும் சொல்லவில்லை. அப்போதே கடிதம் எழுதினேன், பதில் இல்லை. மூத்தவர்கள் என்றால் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி. அதற்குமேல் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உடம்பே இல்லையா?

என் மதினி தைராய்டு குறைவுக்கு இருபது வருஷமாக ஒரே அளவு மாத்திரை சாப்பிட்டு வந்தார். வயது ஏற ஏற அந்த அளவே கூடுதலாகி இதயத்தை விரட்டக்கூடும். மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

அம்மாவுக்கு தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை கொடுத்து நாடி ஒழுங்காகிவிட்டது. வலது கை திரும்பவில்லை.

நான் கேட்பது நாலு வரித் திருத்தம். முதியவர் காரணமின்றி மெலிந்தாலோ, நாடி தாறுமாறாக ஓடினாலோ இசிஜியோடு டிஎஸ்எச் பரிசோதனையும் செய்யுங்கள் என்று அதே பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். அம்மாவுக்குத் தங்கள் இதழை வாரந்தோறும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். "இயல்பு, பயப்பட வேண்டாம்" என்ற அந்த வரி வந்ததும், சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
தென்காசி