ஹேர்மிஸைக் காட்டுகிறீர்கள், ஹொலிஹொக்கையும் சொல்லுங்கள்

கிழக்குக் கடலில் சுழியோடும் நண்பர்களுக்கும், வெளிநாட்டவரைப் படகில் ஏற்றிப் போகும் தம்பிமாருக்கும், கரையோர விடுதி நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். வாடை அடங்கிவிட்டது. இனிக் கடல் தெளியும், உங்களுக்குச் சீசன் தொடங்கும். கல்லடியிலும் பாசிக்குடாவிலும் காற்றுச் சிலிண்டர்கள் படகில் ஏறும் நேரம் இது. வேலை சூடு பிடிப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு, 1942இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியக் கப்பலான ஹேர்மிஸ் சோறு போடுகிறது. அதில் தவறு ஒன்றுமில்லை. விமானந்தாங்கியாகவே வரையப்பட்ட முதல் கப்பல் அது. மட்டக்களப்பிலிருந்து படகில் போய்வரக் கூடிய தூரத்தில், ஐம்பது மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள், வரட்டும். அவ்வளவு ஆழம் போக முடியாதவர்களுக்கு பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுத்தரமாக அதெல்ஸ்டேன் இருக்கிறது. உங்கள் துண்டுப் பிரசுரங்களில் இந்த மூன்று பெயர்களும் தவறாமல் வருகின்றன. எப்போதாவது அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரின் பெயரும் வரும்.

ஐந்தாவது பெயரை நான் ஒரு பிரசுரத்திலும் காணவில்லை. ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். "அது சின்னக் கப்பல் சேர், அதைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறதில்லை" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

அந்தச் சின்னக் கப்பலின் பெயர் ஹொலிஹொக். நம் முற்றத்துச் செவ்வரத்தைக்கு உறவான ஒரு பூவின் பெயர். பிரித்தானியக் கடற்படை இந்த வகைக் காவற்கப்பல்களுக்கு எல்லாம் பூக்களின் பெயரையே வைத்தது. கொர்வெட் என்பார்கள், கொன்வோய்க்குக் காவலாகப் போகும் கப்பல். கொன்வோய் என்றால் நம் தலைமுறைக்கு லொறி வரிசையும் சோதனைச் சாவடியும்தான் நினைவுக்கு வரும். இது கடலில் போன கொன்வோய். கோதுமையும் எண்ணெயும் வெடிமருந்தும் ஏற்றிய முப்பது நாற்பது வணிகக் கப்பல்கள் வரிசை கட்டி அட்லாண்டிக்கைக் கடக்கும். அவற்றை ஜேர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடும். நீர்மூழ்கி நெருங்காமல் சுற்றிச் சுற்றிக் காவல் போவதுதான் கொர்வெட்டின் வேலை.

இரண்டாம் உலகப் போர் தொடங்கும் காலத்தில் பிரித்தானியாவிடம் காவற்கப்பல்கள் போதவில்லை. பெரிய கப்பல் கட்டும் தளங்களுக்கோ தலைக்கு மேல் வேலை. அதனால் திமிங்கல வேட்டைப் படகு ஒன்றின் வரைபடத்தை எடுத்து, நீட்டிப் பெருப்பித்து, வணிகக் கப்பல் கட்டும் சிறிய தளங்களிலும் செய்யக் கூடியதாக ஆக்கினார்கள். நீளம் ஏறக்குறைய 205 அடி. ஒரேயொரு சுழலி. பழைய நீராவி இயந்திரம். வேகம் மணிக்கு 16 கடல் மைல். நீர்மட்டத்துக்கு மேலே வந்து ஓடும் நீர்மூழ்கி இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஓடும், பார்த்துக்கொள்ளுங்கள். ஹொலிஹொக் அப்படி இங்கிலாந்தின் சண்டர்லான்டில் ஜோன் குரவுண் தளத்தில் கட்டப்பட்டு, 1940 ஓகஸ்ட் மாதம் தண்ணீரில் இறங்கி, அதே ஆண்டு நவம்பரில் சேவைக்கு வந்தது. அட்லாண்டிக் காவல் முடிந்து இந்து சமுத்திரத்துக்கு வந்தபோது கப்பலுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

இந்தக் கப்பல்களில் வாழ்ந்த வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நனைந்த புல்லிலும் புரளும் கப்பல் என்று மாலுமிகளே கேலி செய்வார்கள். ஆரம்பத்தில் கட்டியவற்றில் சமையலறை பின்பக்கம், மாலுமிகள் படுத்து எழும்பும் அறை முன்பக்கம். இரண்டுக்கும் இடையில் திறந்த தளம். சாப்பாட்டுச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அலையடிக்கும் அந்தத் தளத்தைக் கடந்து வர வேண்டும். வந்து சேரும்போது கஞ்சியில் கடல்நீர் பாதி. சில நாளில் பாண் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்புறம் பிஸ்கட்டும் தகர இறைச்சியும்தான். உடுப்பு காயாது, படுக்கை காயாது. இதில் இருந்தவர்களில் முழுநேரக் கடற்படைக்காரர் கொஞ்சப் பேர்தான். மிச்சமெல்லாம் வணிகக் கப்பலில் இருந்து வந்தவர்களும், போருக்கு முன் கந்தோரிலும் கடையிலும் வேலை பார்த்த இளைஞர்களும்.

அவர்களுடைய ஆயுதம் நீரடிக் குண்டு. ஒரு பீப்பாய் அளவு தகர உருளை, உள்ளே ஏறக்குறைய 130 கிலோ வெடிமருந்து. நடுவில் நீர் அழுத்தத்தால் இயங்கும் வெடிப்பொறி இருக்கும். ஒரு சாவியால் திருகி 50 அடி, 100 அடி, 150 அடி என்று ஆழத்தைக் குறித்து, கப்பலின் பின்பக்கத் தண்டவாளத்தில் இருந்து உருட்டிவிட வேண்டும். குறித்த ஆழத்தை அடைந்ததும் வெடிக்கும். நீருக்கடியில் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் கருவி ஒன்றும் உண்டு. ஆனால் நீர்மூழ்கிக்கு நேர் மேலே வந்துவிட்டால் அந்தக் கருவிக்கு ஒன்றும் கேட்காது. குண்டு போடும் கடைசி நொடிகளில் எல்லாம் கணக்கும் ஊகமும்தான். போதாக்குறைக்குக் கப்பல் மெதுவாகப் போனால் தன் குண்டே தன் பின்பக்கத்தைப் பிளந்துவிடும்.

இதையெல்லாம் விரித்து எழுதக் காரணம் இருக்கிறது. இந்தக் கப்பல் தண்ணீருக்குக் கீழே பார்க்கச் செய்யப்பட்டது. முன்பக்கத்தில் இருந்த நான்கு அங்குலப் பீரங்கி வானத்தை நோக்கி நிமிராத வகை. விமானத்தை விரட்டச் சில சிறு துப்பாக்கிகள்தான். நம் கடலில் அதன்மேல் வந்து விழுந்ததோ விமானம்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் யப்பானியக் கப்பற்படை கொழும்பைத் தாக்கியது. அன்றே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரித்தானியக் குரூசர் போர்க்கப்பல்களும் கடலில் மூழ்கின. நகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே கூட்டம். 8ஆம் திகதி கற்றலினா வேவு விமானம் ஒன்று அந்தப் படை திருகோணமலைப் பக்கம் வருவதைக் கண்டுவிட்டது. துறைமுகத்தில் நின்றால் அடி நிச்சயம். எனவே அன்றிரவே கப்பல்களை வெளியேற்றித் தெற்கே கரையோரமாக அனுப்பினார்கள். ஹேர்மிஸ் தன் விமானங்களைச் சீனன்குடா விமானத்தளத்தில் விட்டுவிட்டு வெறும் தளத்தோடு போனது. வம்பயர் அதற்குத் துணை. அதெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலுக்கு ஹொலிஹொக் துணை.

9ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் திருகோணமலையில் குண்டு விழுந்தது. தெற்கே போன கப்பல்கள் தப்பிவிட்டன என்றே எல்லோரும் எண்ணியிருப்பார்கள். ஹருனா என்ற போர்க்கப்பலின் மிதவை விமானம் ஒன்று ஹேர்மிஸைக் கண்டுவிட்டது. பத்தரை மணிக்குப் பிறகு செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள் எண்பதுக்கு மேல் வந்தன. ஹேர்மிஸ் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. தளபதி ஒன்ஸ்லோ உட்பட 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்தது வம்பயர். இந்தக் கதை உங்களுக்கு மனப்பாடம்.

நீங்கள் நிறுத்தும் இடத்துக்குப் பிறகும் கதை இருக்கிறது. கையில் குண்டு மிச்சம் இருந்த விமானங்கள் வேறு இரை தேடின. பிரிட்டிஷ் சார்ஜன்ட் அகப்பட்டது. நண்பகல் வாக்கில், இன்னும் தெற்கே, அதெல்ஸ்டேனும் ஹொலிஹொக்கும் அகப்பட்டன. அதெல்ஸ்டேன் மூழ்கியது, அதில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள். அதற்குக் காவலாகப் போன ஹொலிஹொக்கில் ஏறக்குறைய ஐம்பது பேர் செத்தார்கள். பிழைத்தவர்கள் சொற்பம். ஹேர்மிஸில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் அருகில் இருந்தது, ஹேர்மிஸ், வம்பயர் ஆட்கள் 600 பேரளவில் அதில் ஏற்றப்பட்டுக் கொழும்புக்குப் போனார்கள். ஹொலிஹொக்கில் நிலைமை தலைகீழ். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. ஒரு கப்பலில் எத்தனை பேரில் எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்தால் அன்றைக்கு நம் கடலில் மிக மோசமாக அடிபட்டது இந்தச் சின்னக் கப்பல்தான்.

பதிவில் இருக்கும் அகலக்கோடு 7 பாகை 21 கலை வடக்கு, நெடுங்கோடு 81 பாகை 57 கலை கிழக்கு. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். மட்டக்களப்புக் கடல் என்று எல்லோரும் சொன்னாலும், அது கல்முனை, காரைதீவு, நிந்தவூர்ப் பக்கத்துக் கடல். போர் நேரத்துக் கணக்கு, சில மைல் முன்பின் இருக்கலாம். அந்த ஊர்க்காரருக்கு இது தங்கள் வாசலில் நடந்தது என்றே தெரியாது. அங்குள்ள பள்ளிக்கூடங்களில் ஒரு பிள்ளையாவது இதைக் கேள்விப்பட்டிருக்குமா?

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

முதலாவது, சுழியோடப் போகுமுன் படகில் வைத்துச் சொல்லும் விளக்கத்தில் நான்கு வரி கூட்டுங்கள். எழுதித் தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "இன்று நாம் பார்க்கப் போகும் கப்பலோடு சேர்த்து 1942 ஏப்ரல் 9ஆம் திகதி இந்தக் கடலில் ஐந்து கப்பல்கள் மூழ்கின. ஹேர்மிஸ், வம்பயர், பிரிட்டிஷ் சார்ஜன்ட், அதெல்ஸ்டேன், ஹொலிஹொக். ஹொலிஹொக் ஒரு சிறிய காவற்கப்பல். அது காவல் காத்த எண்ணெய்க் கப்பலின் ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள், அதன் ஆட்களில் பெரும்பாலோர் இறந்தார்கள்." சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகாது. அதெல்ஸ்டேனுக்குக் கூட்டிப்போகும்போதாவது கட்டாயம் சொல்லுங்கள். காவலுக்கு வந்தவனின் பெயரைச் சொல்லாமல் அந்தக் கப்பலைக் காட்டுவது முறையில்லை.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. ஒரு சாப்பாட்டுக் கடையில், கப்பலில் இருந்து கழற்றியது என்று ஒரு பித்தளை வளையத்தைத் துடைத்து மினுக்கி அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். எந்தக் கப்பல் என்று அவர்களுக்கே தெரியாது. யாரும் திருடும் எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள், அழகாக இருக்கிறது என்று எடுத்திருப்பார்கள். கடலில் உடல் கிடைக்காத பிரித்தானிய மாலுமிகளுக்கு அவர்கள் நாட்டில் போர்ட்ஸ்மத், பிளிமத், சதம் நினைவுத் தூண்களில் பெயர் மட்டும்தான் உண்டு. திருகோணமலை நிலாவெளி வீதிப் போர்மயானத்துக்குப் போனால் புல் வெட்டி, கல் கழுவி வைத்திருப்பதைப் பார்க்கிறோம். அங்கே ஒரு கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவர நமக்கு மனம் வருமா? கடலுக்கு அடியில் கிடப்பதும் அதே கணக்குத்தான்.

யாவாக் கடலில் நடந்ததும் நினைவிருக்கட்டும். 1942இல் அங்கே மூழ்கிய ஒல்லாந்து, பிரித்தானியக் கப்பல்களை 2016இல் போய்ப் பார்த்தபோது சில முழுதாகவே காணாமல் போயிருந்தன. பழைய இரும்புக்காக அறுத்து அள்ளிவிட்டார்கள். நம் பக்கம் அந்த அளவுக்கு வரவில்லை. வந்தால் முதலில் பட்டினி கிடக்கப் போவது நீங்கள்தான். மீன் பிடிக்க டைனமைட் போடுகிறவர்களைக் கண்டால் கண்டும் காணாத மாதிரி வராதீர்கள் என்று சொல்வதும் அதனால்தான். காவற்கப்பல் ஒன்று நீரடிக் குண்டுகளோடுதான் போயிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்பது வருடம் போனதால் வெடிமருந்து சாதுவாகிவிடாது. அறிமுகமில்லாத உருளையைத் தொடவேண்டாம், கடற்படைக்கு அறிவித்துவிடுங்கள்.

தெற்கே இருக்கும் மீனவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலை அடிக்கடி மாட்டிக் கிழியும் இடங்களை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. மீன் படுகிற இடத்தைச் சொல்ல மனம் வராது, அது தொழில் இரகசியம், புரிகிறது. ஆனால் இரும்பில்தான் மாட்டுகிறது என்று சந்தேகம் உள்ள இடங்களை ஒரு கொப்பியிலாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறைச் சுழியோடிகளுக்கு உதவும்.

வெள்ளைக்காரன் போரில் செத்த வெள்ளைக்காரனுக்கு நாம் ஏன் இவ்வளவு செய்ய வேண்டும் என்று ஒரு தம்பி என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் போர் நம்மைக் கேட்டு நடந்ததில்லை, நம்மை ஆண்டவர்களின் போர். அதை மறைத்துக் கதை சொல்லவும் நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல்களைக் காட்டித்தான் நாம் காசு வாங்குகிறோம். காசு வாங்குகிறவன் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அத்தோடு, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடு எப்படி இருக்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஏப்ரல் 9 எப்போதும் சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரத்தில் வரும். உங்களுக்கு வேலை கூடிய நாட்கள்தான். அன்றைக்கு யாராவது ஒரு படகை நண்பகலில் கல்முனைக்கு நேர் கிழக்கே கொண்டுபோவதாக இருந்தால் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். எண்ணெய்க் காசில் பாதி நான் தருகிறேன். நீந்தத் தெரியும், சுழியோடத் தெரியாது, அதனால் படகிலேயே இருப்பேன். மேலே தந்த நான்கு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அட்டையில் அச்சடித்துத் தரவும் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எத்தனை படகு, எத்தனை அட்டை என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்
கல்லடி, மட்டக்களப்பு