மணிக்கு எட்டு தலை

ஏய் வாலு,

டிபியில என்னடி வெறும் நாய் தல மட்டும் தொங்குது, உடம்பு எங்கன்னு கேட்ருந்தல்ல, அதுக்கு ஒரு வரில ரிப்ளை போடலாம்னு ஆரம்பிச்சேன், அது நீண்டுகிட்டே போச்சு, சரி பழைய மாதிரி லெட்டராவே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். உடம்பு இருக்குடி, அது வேற ஷீட்ல இருக்கு. அந்த நாய் யாருன்னு தெரிஞ்சிருக்குமே, நம்ம ஹாஸ்டல் மணிதான், மெஸ்ஸுக்குப் பின்னாடி மிச்ச இட்லிக்கு காத்துகிட்டு படுத்திருப்பானே அவனேதான்.

உன் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டு நிம்மதியா இருந்துச்சு, படி ஏற விடாத. இங்க பெரியவ ப்ளஸ் டூ, அதனால ஜூன்ல இருந்து வீட்ல டிவி கிடையாதுன்னு அவ அப்பா ஆர்டர். ஆபீஸ் விட்டு வந்து சமையல முடிச்சா எட்டரை மணிக்கு மேல எனக்கு ஒரு வேலையும் இல்ல, அவ படிக்கிற டேபிளோட இன்னொரு ஓரத்துல நான் சும்மா உக்காந்திருக்கணும், போன் நோண்டினா முறைக்கிறா. அப்படி ஆரம்பிச்சதுதான் இந்த கார்ட்டூன் ஷீட் பெயிண்டிங்.

1993ல ஞாயித்துக்கிழமை காலைல தூர்தர்ஷன்ல ஜங்கிள் புக் போடுவானே, ஹிந்தி ஒரு வார்த்த புரியாம வாயப் பொளந்து பாத்தோமே, அத நான் ரொம்ப நாளா நம்ம நாட்டு கார்ட்டூன்னே நெனச்சிட்டு இருந்தேன். ஜப்பான்ல நிப்பான் அனிமேஷன்னு ஒரு கம்பெனி 1989ல எடுத்ததாம், மொத்தம் 52 எபிசோடு, அவ்வளவும் கையால பெயிண்ட் பண்ணது. கண்ணாடி மாதிரி இருக்குற ஷீட்ல முன்பக்கம் கோடு, பின்பக்கம் கலர், அத பேக்ரவுண்டு படத்து மேல வச்சு ஒரு போட்டோ, அடுத்த ஷீட்ட வச்சு இன்னொரு போட்டோ. அந்த ஷீட்டுக்குப் பேருதான் செல். 1914ல அமெரிக்கால ஏர்ல் ஹர்ட்னு ஒருத்தர் பேடண்ட் கேட்டு எழுதிப்போட்ட ஐடியா. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி இருக்குற மலை, மரம், வீடு எல்லாத்தையும் திரும்பத் திரும்ப வரைஞ்சுகிட்டு இருந்திருக்காங்க பாவம்.

இப்ப யாரும் இப்படி செய்றதில்ல, எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனா பிடிச்ச ஒரு சீன எடுத்து வீட்லயே செல் பெயிண்ட் பண்றவங்க உலகம் பூரா இருக்காங்க. நானும் முதல்ல ஜங்கிள் புக் பையன் மௌக்லியதான் போட்டேன். ஒண்ணு போட்டதுமே போர் அடிச்சிடுச்சு, ஏற்கனவே எவனோ நல்லா போட்டத நான் எதுக்கு சுமாரா போடணும்னு தோணுச்சு. அப்பதான் மணி ஞாபகம் வந்தான்.

ஷீட் கெடைச்ச கதைய கேளு. ஓஎச்பி ஷீட், அதான் க்ளாஸ்ல லைட் மெஷின் மேல வச்சு சுவத்துல காட்டுவாங்களே அந்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட், அது வேணும்னு ஸ்டேஷனரி கடைல கேட்டா பையன் முழிக்கிறான், அவன் பொறக்கும்போதே காலேஜுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ப்ரொஜெக்டர் வந்திருக்கும். ஓனர்தான் பரண்ல ஏறி தூசி தட்டி ரெண்டு டப்பா எடுத்துக் குடுத்தாரு. பேப்பர்ல பென்சில்ல வரைஞ்சத ஜெராக்ஸ் கடைல குடுத்து இந்த ஷீட்ல அடிச்சுக் குடுங்கன்னு கேட்டேன், முதல் ஷீட்டே மெஷினுக்குள்ள போய் உருகி ஒட்டிக்கிச்சு. ஒரு டப்பா இங்க்ஜெட் பிரிண்டருக்கானது, அதுல வேற கோட்டிங் இருக்குமாம், ஜெராக்ஸ் மெஷின் சூட்டுக்கு அது தாங்காது. கடைக்காரம்மா என்ன பாத்த பார்வை இருக்கே, இப்பவும் அந்தத் தெரு பக்கம் போகாம சுத்திப் போறேன். இதுல கொடுமை என்னன்னா டிஸ்னிலயும் ஜெராக்ஸ்தான் போட்ருக்காங்க! 1961ல வந்த டால்மேஷன் நாய் படம் முழுக்க பென்சில் கோட்ட ஜெராக்ஸ் மெஷின் மூலமாதான் செல்லுக்கு மாத்திருக்காங்க, அத்தன நாய்க்கு அத்தன புள்ளிய கையால மை போட்டு முடியுமா. அதுக்கு முன்னாடி வந்த பெரிய படங்கள்ல கோடெல்லாம் பெரும்பாலும் பேனாவாலயும் பிரஷாலயும் கையால போட்டதுதான்.

அடுத்து கலர். வீட்ல கெடந்த போஸ்டர் கலர்லதான் ஆரம்பிச்சேன், நல்லா ஜம்முனு வந்துச்சு. மறுநாள் ஷீட்ட லேசா வளைச்சதும் அப்பளம் நொறுங்குற மாதிரி பொலபொலன்னு கொட்டிடுச்சு, மௌக்லிக்கு ஒரு கன்னமே காணோம். அப்புறம்தான் அக்ரிலிக். அதுவும் ஓஎச்பி ஷீட்ல நகத்தால சுரண்டினா உரிஞ்சு வருது, ஏன்னா அது பாலியஸ்டர். நிஜமான செல் அசிடேட்டுங்கற வேற பிளாஸ்டிக். ஆன்லைன்ல அசிடேட் ஷீட் ஒரு கட்டு வாங்கிருக்கேன், அத மணிக்குன்னு எடுத்து வச்சுட்டு பிராக்டீஸ் எல்லாம் ஓஎச்பில. அசிடேட்டும் சாகாவரம் வாங்கினது இல்ல, வருஷக்கணக்கா ஆனா கெட்டுப்போய் வினிகர் வாடை அடிக்குமாம். ஆரம்ப காலத்துல இருந்தது அதவிட மோசம், நைட்ரேட், நெருப்புக் குச்சி மாதிரி பத்திக்கிற சமாச்சாரம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். பின்பக்கம் பெயிண்ட் பண்றதுனால எல்லாமே தலகீழ்டி. சாதாரணமா நாம என்ன பண்ணுவோம், முகத்துக்கு கலர் அடிச்சு அதுமேல கண்ணு, கண்ணுக்குள்ள கடைசியா அந்த வெள்ளப் புள்ளி. இங்க அந்தப் புள்ளிதான் முதல்ல. அப்புறம் கருவிழி, அப்புறம் கண்ணு, அப்புறம் மூஞ்சி. புள்ளிய மறந்துட்டு கருவிழிய வச்சிட்டேன்னா முடிஞ்சது, மேல எவ்வளவு வெள்ள வச்சாலும் முன்பக்கம் தெரியாது, காய விட்டு பல்குச்சியால சுரண்டி எடுக்கணும். (பிளேடு வச்சா ஷீட்ல கீறல் விழுந்துடும், விழுந்துச்சு.)

இத படிக்கும்போதே எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு மண்டைய கொடஞ்சுகிட்டே இருந்துச்சு. எங்க பாட்டி வீட்டு ரேழில மாட்டிருந்த கண்ணாடி கிருஷ்ணர்! தஞ்சாவூர்லயே பொறந்து வளந்துட்டு எனக்கு இது தோண இத்தன மாசம் ஆச்சு பாரு. கண்ணாடிக்குப் பின்னாடி முதல்ல கோடு, அப்புறம் நக நட்டு, அப்புறம் துணி, உடம்பு, கடைசியா பின்னாடி இருக்குற திரைச்சீல. அதே கணக்குதான். ஒரு சனிக்கிழமை கண்ணாடிப் படம் போடுற பெரியவர் ஒருத்தர் வீட்டுக்கே போய் என் மௌக்லிய காமிச்சேன். திருப்பித் திருப்பி பாத்துட்டு, "கலர தேய்க்காதம்மா, ஊத்து"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, காபி குடுத்தாரு. வீட்டுக்கு வந்து கலர தோச மாவவிட கொஞ்சம் தண்ணியா கரைச்சு, நடுவுல ஒரு சொட்டு வச்சு, பிரஷ் நுனியால கோடு வரைக்கும் மெல்ல தள்ளிப் பாத்தேன். பிரஷ் தடமே இல்ல! ஸ்டுடியோலயும் இப்படித்தான் போட்ருக்காங்க. தேய்ச்சா அடியில இருக்குற ஈரமான கலரும் சேந்து பெயர்ந்து வரும், அது எனக்கு தெரியாம மூணு ஷீட் பாழ்.

ஆனா பின்பக்கம் பாத்தா அசிங்கமாதான் இருக்கும், திட்டுத் திட்டா, மேடும் பள்ளமுமா, சின்னப்புள்ள சோறு எறைச்ச மாதிரி. காஞ்சதும் மெதுவா திருப்புறப்ப ஒரு நிமிஷம் மூச்ச பிடிச்சுக்குவேன். முன்பக்கம் பளிங்கு மாதிரி சமமா இருக்கும், மணி என்னையே பாப்பான். அந்த திருப்புற ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "அதுக்கு தோசையே சுடலாமே"ங்கறாரு.

ஐப்பசி மழைல கலர் காயவே மாட்டேங்குது. மூணாம் நம்பர் தல காஞ்சிருச்சுன்னு நெனச்சு நாலாம் நம்பர அதுமேல வச்சுட்டேன், ரெண்டும் ஒட்டிகிட்டு பிரிக்கும்போது மூணோட மூக்கு நாலோட போயிருச்சு. இப்ப நடுவுல பட்டர் பேப்பர். கைல காட்டன் கிளவுஸ், அதுல கட்டவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனி மூணையும் கட் பண்ணிடணும், இல்லாட்டி பிரஷ் பிடிக்க வராது, போடாட்டி விரல் ரேக ஷீட் பூரா. பொண்ணு என்ன பாத்து அறுவை சிகிச்சை நிபுணர்னு கூப்புடுறா.

எட்டு தல எதுக்குன்னு கேப்ப. சினிமால ஒரு செகண்டுக்கு 24 பிரேம். ஒவ்வொரு படத்தையும் ரெண்டு ரெண்டு பிரேமா எடுத்தா 12 படம் போதும், ஜப்பான் டிவிக்காரங்க மூணு மூணா எடுத்து எட்டோட நிறுத்திக்குவாங்க. நான் எட்டு கட்சி. மணி படுத்தபடியே தல தூக்கி நம்மள பாக்கணும், அவ்வளவுதான் கத, ஒரு செகண்டு. உடம்பு அசையாது, அதனால உடம்பு ஒரே ஒரு ஷீட், அதுமேல தல மட்டும் மாறிகிட்டே இருக்கும். புரிஞ்சுதா உடம்பு எங்க போச்சுன்னு? ராவணனவிட ரெண்டு தல கம்மி.

இதுல எனக்கு ஒரு மாசம் தூக்கம் கெட்டது கழுத்துல. ஒரே பாட்டில் பிரவுன்லதான் உடம்பும் தலையும் போட்டேன், ஆனா ஒண்ணு மேல ஒண்ணு வச்சா கழுத்துகிட்ட நிறம் மாறுது, யாரோ வேற நாய் தலைய வெட்டி ஒட்டுன மாதிரி. என்னன்னு பாத்தா, ஷீட் கண்ணாடி மாதிரி தெரிஞ்சாலும் சுத்த கண்ணாடி இல்ல, மேல ஒரு ஷீட் விழுந்ததும் கீழ இருக்குற கலர் கொஞ்சம் மங்கிடும். அதனால கீழ்த்தட்டுக்கு, அதாவது அடியில இருக்குற ஷீட்டுக்கு, அதே பிரவுன கொஞ்சம் வெளுப்பா கலக்கணும். ஸ்டுடியோல ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியா கலர் கலப்பாங்களாம், நாலஞ்சு தட்டுக்கு மேல போகவும் மாட்டாங்களாம். நான் ஹோமியோபதி மாத்திர டப்பால கலக்கி நம்பர் ஒட்டி வச்சிருக்கேன், பிரவுன் மட்டுமே பதினோரு டப்பா, ஏழாம் நம்பர் கரெக்டா உக்காந்துச்சு. நைட்டு பதினொன்ற மணிக்கு, எழுப்பிச் சொல்ல ஆளில்ல.

இந்த வேலைய ஸ்டுடியோலயும் செஞ்சது பெரும்பாலும் பொம்பளைங்கதான் தெரியுமா. டிஸ்னில மை போடுறதும் கலர் அடிக்கிறதும் பொண்ணுங்களுக்கு, படம் வரையிற வேல ஆம்பளைங்களுக்கு. 1938ல வேல கேட்டு எழுதுன ஒரு பொண்ணுக்கு, படம் வரையிற வேலையெல்லாம் பசங்களுக்குத்தான், பொண்ணுங்களுக்கு மை போடுறதும் கலர் அடிக்கிறதும்தான்னு லெட்டர் போட்ருக்காங்க. ஜப்பான்ல மிச்சியோ யசூதான்னு ஒரு அம்மா தோயேங்கற கார்ட்டூன் கம்பெனில செல் வேலைல ஆரம்பிச்சு, பின்னாடி ஜிப்ளி ஸ்டுடியோ படங்களுக்கெல்லாம் எந்தப் பச்சை எந்த நீலம்னு முடிவு பண்ற எடத்துக்கு வந்தாங்க, 2016லதான் போய்ச் சேந்தாங்க. இன்னொன்னு எனக்கு ரொம்ப பிடிச்சது, கியோட்டோ அனிமேஷன்னு இன்னிக்கு பெரிய ஸ்டுடியோ இருக்குல்ல, அது 1981ல அக்கம்பக்கத்து வீட்டம்மாங்க சேந்து செல்லுக்கு கலர் அடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சதுதான். மத்த கம்பெனிக்காரங்க அனுப்புற படத்துக்கு வீட்டு வேலைக்கு நடுவுல கலர் அடிச்சுக் குடுக்குறது. நம்ம ஊர்ல அப்பளம் போட்டுக் குடுக்குற மாதிரி, பீடி சுத்திக் குடுக்குற மாதிரி. அத படிச்சதுல இருந்து சாதம் குக்கர்ல இருக்கும்போது ரெண்டு விசிலுக்கு நடுவுல ஒரு காது போட்டா எனக்கு குத்த உணர்ச்சியே வர்றதில்ல.

அவங்க போட்டதுல எவ்வளவு மிச்சம்னு நெனைக்கிற? டிஸ்னில ஆரம்ப காலத்துல போட்டோ எடுத்து முடிச்சதும் கலர கழுவிட்டு ஷீட்ட அடுத்த படத்துக்கு எடுத்துக்குவாங்க. லட்சக்கணக்குல குப்பைக்கும் போயிருக்கு. இப்ப ஒரு செல்ல ஏலத்துல எடுக்க நம்ம சம்பளம் பத்தாது. ஜப்பான்ல 1969ல ஆரம்பிச்ச சசாயே-சான்னு ஒரு குடும்பத் தொடர், எல்லாரும் கம்ப்யூட்டருக்குப் போனப்புறமும் செல்ல விடாம வச்சிருந்து 2013லதான் முழுசா மாறுச்சாம். பிடிவாதக்காரங்க, எனக்கு பிடிச்சிருக்கு.

சரி, இப்ப உன்கிட்ட ஒரு அவசர விஷயம். பெரியவர் பத்தி சொன்னேன்ல, அவர்கிட்ட போன அன்னிக்கே கேட்ருக்கணும், பின்பக்கம் பாத்து பாத்து எடது வலது கொழம்பாதான்னு. மணிக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கும் ஞாபகம் இருக்கா, பக்கத்துத் தெரு கடுவன் பூனைகிட்ட சண்ட போட்டு வந்தானே. அது எடது காதா வலது காதா? எடதுன்னு நிச்சயமா நெனச்சுதான் அஞ்சு தல போட்டு முடிச்சேன். நேத்து ஹாஸ்டல் டே போட்டோவ எடுத்துப் பாத்தா நீ, நான், வார்டன் எல்லாரும் இருக்கோம், மணி குண்டிய காட்டிகிட்டு நிக்கிறான், ரெண்டு காதும் தெரியல. உன்கிட்ட வேற போட்டோ இருந்தா அனுப்பு. இல்லாட்டி நல்லா யோசிச்சு சொல்லு, மீதி மூணுக்கு ஞாயித்துக்கிழமை கோடு ஜெராக்ஸ் போடணும், அதுக்கு வேற புது கடை தேடணும். வலதுன்னா அஞ்சையும் திரும்ப போடணும்டி, அதனால யோசிச்சுட்டு எடதுன்னே சொல்லிடு.

உன்
கத்திரிக்கா