என் மூச்சுக்குக் காவல் இருந்தவர்களுக்கு

உறவுகளுக்கும் ஊராருக்கும் வணக்கம்.

போன தை மாதம், சம்பா அறுவடை சமயம். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு நீடாமங்கலம் பக்கம் கோரையாற்றுக் கரையில் டிராக்டர் ஓட்டி வந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். கண் அசந்துவிட்டது. மூட்டை மேல் உட்கார்ந்திருந்த தம்பி போட்ட சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தேன். முன் சக்கரம் கரை விளிம்பில் நின்றது. அந்தத் தம்பிக்குத்தான் முதல் நன்றி. கத்தியதோடு அவர் விடவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "அண்ணனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மணி நேரம் தூங்குகிற எனக்கு என்ன குறை என்றுதான் இருந்தேன். ஆனால் விடிந்தால் தலைவலி. ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பேன். சோதித்தால் சர்க்கரை இல்லை. பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் 160க்குக் கீழே இறங்கவில்லை.

விஷயம் முழுதாகத் தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். என் குறட்டை நிற்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டு, விரல் கணுவில் எண்ணிக்கொண்டே கிடப்பாளாம். ஒரு ராத்திரி அதைப் போனில் பதிவு செய்தாள். தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதைப் போட்டுக் காட்டினோம். குறட்டை, சட்டென்று அமைதி. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும். 34 வினாடி. பிறகு அவள் வளையல் சத்தம், என் தோளை அசைக்கிறாள். உடனே, தண்ணீரில் முங்கியவன் தலை தூக்குவது போல ஒரு மூச்சு. எத்தனை வருஷம் இப்படிக் கண் விழித்தாளோ! அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைத்துக்கொள்கிறது, ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி எழுப்புகிறது, அது நம் நினைவில் நிற்பதில்லை என்று அந்த மருத்துவர் படம் போட்டு விளக்கினார். பிரஷர் அடங்காததற்கும் இது காரணமாக இருக்கலாம், விட்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், பக்கவாதம் வரைக்கும் போகலாம் என்றார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஓர் இரவு தூங்க வைத்துப் பார்த்ததில், மணிக்கு 42 தடவை மூச்சு தடைபட்டிருந்தது. 30 தாண்டினாலே தீவிரமாம். அன்று விடிய விடியப் பக்கத்திலேயே இருந்த டெக்னீஷியன் தங்கைக்கும் நன்றி. அப்புறம் இதற்காகக் காற்றுக் கருவி மாட்டச் சொன்னபோது, என் மீசையில் காற்று கசிகிறது என்று சலிக்காமல் மூன்று மாஸ்க் மாற்றிப் பார்த்தவரும் அவர்தான்.

சீபாப் என்கிற அந்தக் கருவி, காற்றழுத்தத்தால் தொண்டையை மூடவிடாமல் திறந்தே வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் உலகுக்குத் தந்தது. நான் பார்க்கவே போகாத அந்த மனிதருக்கும் என் நன்றி.

கருவி வாங்கக் குறுவைச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்த மச்சானை மறக்க முடியுமா? கரண்ட் போனால் கருவி நின்றுவிடும் என்று தெரிந்ததும், தன் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து எங்கள் ஜன்னலுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. காசு பேச்சையே எடுக்க விடவில்லை.

இப்போது தலைவலி இல்லை. மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார். கருவியைத் தினமும் மாட்டித்தான் ஆக வேண்டும், சரி, மாட்டுகிறேன்.

நேற்று விடியற்காலை நான் எழுந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. நானே போய்ப் பால் வாங்கி வந்து டீ போட்டேன்.