பெரிய டீச்சருக்கு, எழுதிக் கொடுத்த கையோடு

பெரிய டீச்சர்,

பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் வகுப்பிலேயே இருக்கப் போகிறேன். "உருப்படமாட்டே" என்பீர்கள். சரி.

கையெழுத்துப் போடும்போது அந்த ஏப்ரல் மத்தியானம்தான் கண்ணில் நின்றது. சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டுவைத்த குழாயின் நிழலே இல்லாமல் போகும் நாள். மைதானத்தில் பாலாற்று மணலைப் பரப்பி, மீட்டர் நீளக் குழாயை நட்டு, கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டால் நேராக்கியிருந்தோம். நிழலின் நுனி நகர நகரப் பிள்ளைகள் ஈர்க்குச்சி குத்திக்கொண்டே வந்தார்கள். ஆபீஸ் ரூமிலிருந்து உங்கள் குரல்: "இந்த வெயில்ல நிக்க வெச்சிருக்கியே, யார்னா மயங்கி விழுந்தா யார் பதில் சொல்றது?" அப்புறம் குடையோடு நீங்களே வந்து நின்றீர்கள்.

12 மணிக்கு நிழல் சுண்டுவிரல் நீளம் மிச்சமிருந்தது. 12.10 தாண்டித்தான் முழுதாகப் போனது. ஒருத்தி கேட்டாள்: "பன்னெண்டு மணிக்குத்தானே உச்சி வெயில்? சூரியன் ஏன் டீச்சர் லேட்டு?"

உங்களுக்குத் தெரிந்த பதில்தான், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. வேலூர் 79 டிகிரி பக்கம். மேற்கே தள்ளியிருப்பதால் சூரியன் நம் உச்சிக்கு வர டிகிரிக்கு 4 நிமிடம் தாமதம். இதைச் சொல்ல வாய் திறந்தேன். பின்னாலிருந்து முதுகில் கிள்ளினீர்கள். "சொல்லாத. நாளைக்கும் கேக்கட்டும்."

கேட்டார்கள். உங்கள் வாட்ச் வேகமாக ஓடுகிறது என்றான் ஒருவன். இன்னொருத்தி சென்னைப் பெரியம்மாவை மொட்டைமாடியில் துடைப்பக்கட்டையோடு நிற்கவைத்து, அங்கே நாலைந்து நிமிடம் முன்னாலேயே நிழல் போய்விட்டது என்று செய்தி கொண்டுவந்தாள். காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போய் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைக் காட்டியபோதுகூட இவ்வளவு கேள்வி வரவில்லை. வாயைப் பிளந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அப்படிக் கிள்ளத் தெரிந்த நீங்கள்தான் ஜூனில் பள்ளிப் பார்வை முடிந்ததும் குழாயை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினீர்கள். "மொதல்ல பதிவேட்ட முடி." வந்தவர் யார், என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதமாட்டேன். ஒன்றியத்து ஆட்களும் படிப்பார்கள். உங்களுக்கும் மேலே ஆள் இருந்தார்கள், புரிகிறது. ஆனாலும் ஆகஸ்ட் 18 வாக்கில் நிழல் திரும்ப மறையும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேனே, டீச்சர். டெல்லியில் ஒருநாளும் நடக்காதது, நமக்கு வருஷத்தில் இரண்டு தடவை கிடைக்கிறது. அந்த இரண்டாவதைப் பூட்டி வைத்தீர்கள்.

உங்கள் பணி நிறைவு விழாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். மன்னித்துவிடுங்கள். வந்திருந்தால் மேடையில் அந்தச் சாவியைப் பற்றித்தான் பேசியிருப்பேன். அதற்குக் காய்ச்சலே மேல்.

இப்போது சாவி என்னிடம். பதிவேடும் எழுதத்தான் செய்கிறேன், ராத்திரியில். பெரிய வகுப்புக்குப் போனால் பரீட்சையில் வருமா என்றுதான் கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

திட்டுவதென்றால் போனில் திட்டுங்கள். இங்கே வேண்டாம், நாலு பேர் பார்க்கிறார்கள்.